கடன் கொப்பியில் கிடைத்த ஊர்ப்பெயர்கள்

எங்கள் மூத்தாப்பா எல்கடுவ கடைவீதியில் முப்பத்தாறு வருடங்கள் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்தவர்களே அவருடைய வாடிக்கையாளர்கள். மாதம் முழுவதும் அரிசி, மா, சீனி, கருவாடு, சவர்க்காரம் என்று சாமான் கடனுக்குப் போகும். சம்பளத்தன்று மாலை கடையில் கூட்டம் கூடும், கணக்குத் தீரும். அந்தக் கணக்குகளை எல்லாம் அவர் நீளமான கொப்பிகளில் எழுதி வைத்திருந்தார்.

போன டிசம்பர் விடுமுறையில் உம்மா சாமான் அறையைத் துப்புரவு செய்தபோது அந்தக் கொப்பிகளைப் பழைய பேப்பர் வாங்க வந்தவரிடம் நிறுத்துக் கொடுக்கத் தொடங்கிவிட்டார். நான் பார்த்தபோது ஏழில் நான்கு தராசு ஏறிப் போயிருந்தன. மிஞ்சிய மூன்றை வாங்கி வைத்துக்கொண்டேன். பழைய விலைகளைப் பார்த்துச் சிரிக்கலாம் என்பதுதான் அப்போதைய எண்ணம்.

ஆனால் என் கண்ணில் பட்டது வேறொன்று. தோட்டத்தில் ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். யார் எந்தக் கடனுக்கு உரியவர் என்று தெரிய, மூத்தாப்பா ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஓர் இடத்தை எழுதியிருந்தார். பீலியடி, மூங்கிலடி, பழைய ஸ்டோரடி, பிரட்டுக்களத்து மேடு, பங்களாச் சரிவு, பத்தாம் நம்பர், நானாக்கல் என்று ஒவ்வொரு பக்கத்திலும் இடப்பெயர்கள். எண்ணிப் பார்த்தேன். மூன்று கொப்பிகளிலும் சேர்த்து 41 பெயர்கள் இருந்தன.

புவியியல் பாடத்துக்கு நாங்கள் பயன்படுத்தும் நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 வரைபடத்தை எடுத்து அந்தப் பெயர்களைத் தேடினேன். எல்கடுவ இருக்கிறது, பெரிய மலைகளும் ஆறுகளும் இருக்கின்றன. அந்த 41 பெயர்களில் ஒன்றுகூட இல்லை. ஆனால் மூன்று தலைமுறை மக்கள் பிறந்ததும் வேலைக்குப் போனதும் அந்தப் பெயர்களுக்குள்தான். இதை எங்கள் தமிழ் ஆசிரியையிடம் சொன்னபோது, "அயர்லாந்தில் உங்களைவிடச் சின்னப் பிள்ளைகள் இதே வேலையைச் செய்திருக்கிறார்கள், தேடிப் படியுங்கள்" என்றார். இந்தக் கட்டுரை அப்படித்தான் தொடங்கியது.

பிள்ளைகள் எழுதிய பெட்டகம்

அயர்லாந்து ஒரு தீவு. எங்களைப் போலவே பிரித்தானியர் ஆண்ட நாடு. அந்நாட்டு மக்களின் சொந்த மொழி ஐரிஷ். 1824இல் பிரித்தானிய அரசு அந்தத் தீவு முழுவதையும் அளந்து வரைபடமாக்கத் தொடங்கியது. வரைபடத்தில் ஒவ்வொரு ஊரின் பெயரையும் ஆங்கில எழுத்தில் எழுத வேண்டியிருந்தது. அதற்காக ஜோன் ஓ'டொனோவன் என்ற ஐரிஷ் அறிஞர் 1830 முதல் அந்தப் பணியில் சேர்ந்தார். ஊர் ஊராகப் போய் முதியவர்களிடம் பெயரைக் கேட்டு, அதன் பொருளை விசாரித்து, கடிதங்களாக எழுதி அனுப்பினார். அந்தக் கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. ஆனால் வரைபடத்தில் ஏறியது பெரும்பாலும் ஆங்கிலக் காதுக்கு ஏற்ப உருமாறிய பெயரே. இந்த நிகழ்வை வைத்து பிரயன் ஃப்ரீல் என்ற நாடகாசிரியர் எழுதிய "மொழிபெயர்ப்புகள்" என்ற நாடகம் 1980இல் மேடையேறி உலகப் புகழ் பெற்றது.

அளவை முடிந்த காலத்திலேயே அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் பரவிப் பெரும் பஞ்சம் வந்தது. 1845க்குப் பிறகான சில ஆண்டுகளில் சுமார் பத்து இலட்சம் பேர் இறந்தனர். அதே அளவு மக்கள் கப்பலேறி நாட்டை விட்டுப் போயினர். ஐரிஷ் பேசிய கிராமங்களே அதிகம் வெறுமையாயின. பெயர் சொன்ன வாய்கள் போனபின் பெயருக்குப் பொருள் சொல்ல யார் இருப்பார்?

நாடு சுதந்திரம் பெற்ற பிறகு, 1937 முதல் 1939 வரை அங்கே ஒரு பெரிய முயற்சி நடந்தது. ஏறத்தாழ 5,000 ஆரம்பப் பாடசாலைகளில் 11 வயது முதல் 14 வயது வரையான பிள்ளைகளிடம் ஒரு வேலை ஒப்படைக்கப்பட்டது. வீட்டுக்குப் போய் உம்மா வாப்பாவிடமும் மூத்தாப்பா உம்மும்மாவிடமும் அயலவரிடமும் கேட்டு, ஊரின் பெயர்களையும் கதைகளையும் வைத்தியங்களையும் விளையாட்டுகளையும் எழுதி வர வேண்டும். எதைப் பற்றிக் கேட்பது என்று ஆசிரியர்களுக்கு 55 தலைப்புகள் கொண்ட கைந்நூலும் கொடுக்கப்பட்டது. சுமார் 50,000 பிள்ளைகள் எழுதினார்கள். சேர்ந்தவை ஏறத்தாழ 7,40,000 பக்கங்கள். இன்று அவை டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் தேசிய நாட்டார் வழக்காற்றுத் தொகுப்பின் ஒரு பகுதியாகப் பாதுகாக்கப்படுகின்றன. ஆறாம் ஏழாம் வகுப்புப் பிள்ளையின் கையெழுத்தை இன்று ஆராய்ச்சியாளர்கள் சான்றாக எடுத்துக்கொள்கிறார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு உம்மா தராசில் வைத்த நான்கு கொப்பிகள் ஞாபகம் வந்தன.

காது சொல்லும் பொய்

பெயர்களை ஆராயப் போகிறவர் முதலில் தம் காதை நம்பாதிருக்கப் பழக வேண்டும். இதை நான் தவறு செய்துதான் கற்றுக்கொண்டேன்.

சிங்களத்தில் "கடுவ" என்றால் வாள். எனவே எல்கடுவையில் ஏதோ ஓர் அரசன் வாளைக் கழுவியிருப்பான், அல்லது மறைத்து வைத்திருப்பான் என்று நான் ஒரு பக்கம் எழுதிவிட்டேன். வாசித்த ஆசிரியை ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அப்படியானால் ஹிக்கடுவையில் என்ன வாள்?" தென் கரையில் இருக்கும் அந்த ஊரின் பெயரும் அதே ஒலியில்தான் முடிகிறது. ஓர் ஊரின் பெயரை மட்டும் பார்த்தால் கதை கட்டலாம். ஒரே முடிவுள்ள பல ஊர்களை அருகருகே வைத்துப் பார்த்தால்தான் ஆராய்ச்சி தொடங்கும். என் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.

அயர்லாந்திலும் இதே பொறி உண்டு. அங்கே "கில்" என்று தொடங்கும் ஊர்கள் ஏராளம்: கில்டெயார், கில்லார்னி, கில்கெனி. ஆங்கிலம் மட்டும் அறிந்தவர் காதில் அது கொலையைக் குறிக்கும் சொல்லாக விழும். ஆனால் ஐரிஷ் மொழியில் "கில்" என்பது தேவாலயம். கில்டெயார் என்றால் கருவாலி மரத்துத் தேவாலயம். ஓர் அமைதியான வணக்கத்தலம் பிறமொழிக் காதில் கொலைக்களம் ஆகிவிடுகிறது.

எங்கள் ஊருக்குப் பக்கத்திலும் ஓர் உதாரணம் இருக்கிறது. எல்கடுவைக்கு வரும் சுற்றுலாப் பயணிகள் எல்லோரும் தேடிப் போவது செம்புவத்தை ஏரியை. ஊற்று நீரைத் தேக்கி மனிதர் உருவாக்கிய ஏரி அது. "வத்த" என்பது சிங்களத்தில் தோட்டம். "செம்பு" என்றதும் தமிழ்ப் பிள்ளைக்குத் தண்ணீர்ச் செம்பு நினைவுக்கு வரும். நீர் நிறைந்த ஏரிக்குச் செம்பு பொருத்தமாகவும் தெரியும். ஆனால் ஏரியை ஒட்டியிருக்கும் காட்டுக்கு ஒரு வெள்ளைக்காரப் பெயர்: கெம்பல்ஸ் லேன். ஒரே இடத்தில் சிங்களச் சொல், ஆங்கிலப் பெயர், தமிழ்க் காது மூன்றும் சந்திக்கின்றன. இப்படிப்பட்ட இடத்தில் "செம்பு" என்று எழுதி முடித்துவிடுவது ஆபத்து.

பெயரின் வால்

ஊர்ப்பெயரைப் பிரிக்கும்போது வாலைப் பிடிப்பது நல்லது. பெயரின் பிற்பகுதி பெரும்பாலும் நிலத்தின் அமைப்பைச் சொல்லும். சிங்களத்தில் "கம" ஊர், "வெல" வயல்வெளி, "கல" கல் அல்லது பாறை, "கந்த" மலை, "ஓயா" சிற்றாறு, "எல" ஓடை அல்லது வாய்க்கால், "வில" குளம். இந்த ஏழு சொற்களை மனதில் வைத்துக்கொண்டு வத்துகாமத்தில் பஸ் ஏறினால் ஊருக்கு வந்து சேரும்வரை பெயர்ப்பலகைகள் பாடம் நடத்தும். மாத்தளை வழியாக ஓடும் சுது கங்கையின் பெயருக்கு வெள்ளை ஆறு என்று பொருள். சிங்களத் தோழி ஒருத்தியிடம் கேட்டால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும் செய்தி இது. நான் பதினேழு வயதுவரை கேட்கவில்லை.

தமிழ் இந்தப் பெயர்களை வாங்கும்போது தன் முறைப்படி மாற்றிக்கொள்கிறது. அகரத்தில் முடியும் பெயர்ச்சொல் தமிழில் அரிது. ஆகவே அந்த இறுதி ஒலி ஐகாரமாகிறது. பதுல்ல பதுளை ஆனது. கேகல்ல கேகாலை ஆனது. கம்பொல கம்பளை ஆனது. உக்குவெல உக்குவளை ஆனது. எங்கள் ஊரைப் பலகையில் "எல்கடுவ" என்று எழுதினாலும் வாயில் "எல்கடுவை" என்றே வருவதற்கும் காரணம் இதுதான். அதேபோல "கம" என்பது தமிழில் "காமம்" ஆகும். வத்தேகம வத்துகாமம் ஆனதும், கதரகம கதிர்காமம் ஆனதும் அப்படித்தான். யாழ்ப்பாணத்துக் கொடிகாமத்திலும் அந்த முடிவைக் காணலாம். "கம" என்ற சிங்களச் சொல்லும் நாம் எழுதும் "கிராமம்" என்ற சொல்லும் ஒரே வேரிலிருந்து வந்தவை.

தலைநகரங்களுக்குக்கூட இரண்டு பெயர் இருப்பது உண்டு. சிங்களவர் மஹநுவர என்று சொல்லும் நகரை நாம் கண்டி என்கிறோம். மலைமேலுள்ள நாடு என்று பொருள்படும் "கந்த உட ரட்ட" என்ற பெயரின் முதற்சொல்லைப் போர்த்துக்கேயர் பிடித்துக்கொள்ள, அது நகரின் பெயராகிவிட்டது. அயர்லாந்தின் தலைநகரும் அப்படியே. உலகம் சொல்லும் டப்ளின் என்ற பெயர் கரிய குளம் என்ற பொருளுள்ள ஐரிஷ் சொற்களிலிருந்து வந்தது. ஆனால் ஐரிஷ் மொழியில் அந்த நகரை இன்று வேறு பெயரால் அழைக்கிறார்கள். அதன் பொருள், தட்டி பரப்பிய ஆற்றுத்துறையின் ஊர். ஒரு பெயர் குளத்தைப் பார்த்தவர் வைத்தது, மற்றது ஆற்றைக் கடந்தவர் வைத்தது. இரண்டும் உண்மை.

ஒரு மலையும் பல பெயர்களும்

ஒரு மலைக்குப் பல பெயர் இருந்தால் எது சரி என்று சண்டை பிடிக்கத் தோன்றும். எங்கள் கிழக்கே தெரியும் மலைத்தொடரைச் சிங்களவர் தும்பர என்பார்கள். மடித்த கைமுட்டியின் கணுக்களைப் போலத் தெரிந்ததால் பிரித்தானியர் நக்கிள்ஸ் என்றார்கள். 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்த மத்திய மலைநாட்டில் இந்த மலைத்தொடரின் காடும் அடங்கும். சிவனொளிபாதமலை என்று இந்துக்கள் சொல்லும் மலை, பௌத்தர்களுக்கு ஸ்ரீபாத. எங்கள் உம்மும்மா அதைப் பாவாதமலை என்பார். ஆதம் அலைஹிஸ்ஸலாம் அவர்களின் பெயர் அதில் இருக்கிறது. உலகம் சுற்றிய இப்னு பதூதா 1344இல் இலங்கைக்கு வந்து அந்த மலையில் ஏறியதைத் தம் பயண நூலில் எழுதியிருக்கிறார். மொழிகள் வேறுபட்டிருப்பதை இறைவனின் அத்தாட்சிகளில் ஒன்றாக அல்குர்ஆனின் அர்ரூம் அத்தியாயம் சொல்கிறது. அப்படியானால் ஒரு மலைக்குப் பல பெயர் இருப்பதும் நாம் மறைக்க வேண்டிய குறை அல்ல.

தோட்டங்களுக்குத் துரைமார் வைத்த பெயர்களிலும் ஒரு வேடிக்கை உண்டு. அவர்களில் பலர் ஸ்கொட்லாந்துக்காரர். தங்கள் ஊர்ப்பெயர்களை இங்கே கொண்டுவந்து மலைகளுக்கு வைத்தார்கள். மலையகத்தில் டன்சினன், டன்கெல்ட், கிளென்லொக் என்ற தோட்டங்கள் இருக்கின்றன. "டன்" என்றால் கோட்டை, "கிளென்" என்றால் பள்ளத்தாக்கு, "லொக்" என்றால் ஏரி. இவை ஸ்கொட்லாந்தின் கேலிக் மொழிச் சொற்கள். கேலிக் ஐரிஷின் உடன்பிறந்த மொழி. அங்கே சொந்த மண்ணில் அந்தச் சொற்களைப் பேசுவோர் குறைந்துகொண்டிருந்த காலத்தில், அதே சொற்கள் கடல் கடந்து வந்து எங்கள் கொழுந்து மலைகளில் குடியேறியிருக்கின்றன. அவற்றை இன்று தினமும் உச்சரிப்பவர்கள் தமிழ்த் தொழிலாளர்கள்.

கதை பொய்யானாலும் கதை சொன்னவர் உண்மை

மாத்தளை என்ற பெயருக்கு ஒரு கதை உண்டு. கஜபாகு மன்னன் சோழநாட்டிலிருந்து கொண்டுவந்த பெருங்கூட்டத்தை இங்கே குடியமர்த்தினான், பெருங்கூட்டம் என்ற பொருளுள்ள சிங்களச் சொல்லே மாத்தளை ஆயிற்று என்பார்கள். சொல்லாராய்ச்சி இதை ஏற்குமா என்பது ஒரு கேள்வி. இந்த ஊருக்கு வெளியிலிருந்து மக்கள் வந்து சேர்ந்தார்கள் என்பதை ஊர் மறக்கவில்லை என்பது அதைவிடப் பெரிய செய்தி. பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் தென்னிந்தியத் தொழிலாளர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து, தம்புள்ளை கடந்து மாத்தளைக்குத்தான் வந்து சேர்ந்தார்கள்.

இப்படிப்பட்ட கதைகளை எழுதிவைத்தவர்களில் ஒருவர் கண்டி மாவட்ட நீதிபதியாக இருந்த ஏ. சி. லோரி. மத்திய மாகாணத்து ஊர்களை அகரவரிசைப்படுத்தி, அவற்றின் குடும்பங்கள், காணிகள், கதைகள் ஆகியவற்றை 1896இலும் 1898இலும் இரண்டு பாகங்களாக வெளியிட்டார். இன்றும் அது ஆய்வாளர்களின் கைந்நூல். ஆனால் அது ஊர்களின் நூல். லயங்களின் சிறு பெயர்களைச் சேர்க்க அப்படி ஒருவர் வரவில்லை.

தோட்டத்து மக்களின் நம்பிக்கைகளும் இடத்தோடு ஒட்டியவை. தேயிலைத் தொழிற்சாலையில் ரோதைமுனி என்ற தெய்வத்தை வழிபடுவார்கள். ரோதை என்றால் சக்கரம். போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்த சொல். மலையில் கவ்வாத்து வெட்டத் தொடங்கும் நாளில் கவ்வாத்துச்சாமி கும்பிடுவார்கள். இந்தத் தெய்வங்கள் இந்தியாவிலிருந்து மூட்டையில் வந்தவை அல்ல. இங்கே வேலைத்தளத்திலேயே பிறந்தவை. மூத்தாப்பாவின் பழைய வாடிக்கையாளரான ஒரு பாட்டியிடம் இதைப் பற்றிக் கேட்டேன். "ரோதை ஒருத்தர் கையையும் இழுத்துராமப் பாத்துக்கணும்ல பாப்பா, அதுக்குத்தான் சாமி" என்றார். எங்கள் மார்க்கத்தின் நம்பிக்கை வேறு. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தில் ஒரு தொழிற்சாலையின் ஆபத்து முழுவதும் இருந்தது. அதை நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் படித்ததில்லை.

அயர்லாந்திலும் வயல் நடுவே தனியாக நிற்கும் முட்செடியை வெட்ட மாட்டார்கள். அது கண்ணுக்குத் தெரியாத குட்டி மக்களின் இடம் என்பது அவர்களுடைய பழைய நம்பிக்கை. 1999இல் கிளேர் மாவட்டத்தில் ஒரு பெருந்தெரு போட இருந்த வழியில் அப்படியொரு செடி நின்றது. எடி லெனிஹன் என்ற கதைசொல்லி அதைக் காப்பாற்றக் குரல் கொடுத்தார். தெருவின் திட்டத்தைச் சற்று மாற்றிச் செடியை விட்டுவைத்தார்கள். பொறியியலாளர்கள் குட்டி மக்களை நம்பினார்களோ இல்லையோ, நம்பிய மனிதர்களுக்கு மதிப்புக் கொடுத்தார்கள்.

ஒரு சொல் இல்லாததால்

இதெல்லாம் பழங்கதை ஆர்வலருக்கு மட்டும் உரிய விஷயம் என்று நினைக்க வேண்டாம். போன வருடம் பக்கத்துத் தோட்டத்து அக்கா ஒருவருக்கு ஒரு பயிற்சிநெறியின் நேர்முகத் தேர்வுக்கு அழைப்புக் கடிதம் வந்தது. முகவரியில் அவருடைய பெயரும் தோட்டத்தின் பெயரும் மட்டும் இருந்தன. அதே பெயரில் இன்னொரு பிரிவில் இன்னொருவர் இருந்தார். கடிதம் அங்கே போய்ச் சுற்றி, உரியவர் கைக்கு வந்தபோது நேர்முகத் தேர்வு முடிந்து ஒன்பது நாட்கள். அந்த அக்கா எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து கடிதத்தை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தார். மூத்தாப்பா அதை வாங்கிக் கண்ணருகே பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மூங்கிலடி எண்டு ஒரு சொல் போட்டிருந்தா அண்டைக்கே வந்திருக்கும்."

வரைபடத்தில் இல்லாத பெயரைக் கடித உறையில் எழுத எந்த விண்ணப்பப் படிவத்திலும் இடம் இல்லை. சொந்தப் பெயர் கொண்ட சிறிய இடம் என்று எழுதப்படாத இடத்தில் வாழ்பவர்கள், தபாலிலும் பட்டியலிலும் ஒரே கூட்டமாகிப் போகிறார்கள். மூத்தாப்பாவின் கொப்பி அவர்களைக் கூட்டமாகப் பார்க்கவில்லை. மூங்கிலடியாரையும் பீலியடியாரையும் அது வேறுபடுத்தி அறிந்திருந்தது.

எழுதாத பெயருக்கு ஆயுள் எவ்வளவு? பீலியடியில் இப்போது பீலி இல்லை, குழாய் வந்துவிட்டது. பழைய ஸ்டோர் இருந்த இடத்தில் புல் வளர்ந்திருக்கிறது. காரணம் போனபின் பெயர் கொஞ்சக் காலம் நிற்கும். பிறகு அதுவும் போய்விடும்.

மாத்தளையில் வாழும் எங்களுக்கு இதற்கு மிகப் பழைய உதாரணம் இருக்கிறது. கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில், அதுவரை மனனமாகவே காத்துவந்த பௌத்தத் திரிபிடகத்தை முதன்முதலாக ஏட்டில் எழுதியது எங்கள் அலுவிகாரையில் என்று மரபு சொல்கிறது. போரும் பஞ்சமும் வந்து மனனம் செய்தவர்கள் மறைந்துவிட்டால் என்ன செய்வது என்ற அச்சமே காரணம். நம் புனித அல்குர்ஆனையும் மனனமிட்ட ஹாபிழ்கள் போரில் பலர் ஷஹீதானபோதுதான் கலீபா அபூபக்ர் ரழியல்லாஹு அன்ஹு அவர்கள் ஒன்றுதிரட்டச் செய்தார்கள். நினைவாற்றலை எவ்வளவு மதித்த மக்களும், நினைவு மட்டும் போதாது என்று ஒரு நாள் உணர்ந்திருக்கிறார்கள்.

நாம் செய்யக்கூடியது

சகோதரிகளே, இதற்குப் பணம் தேவையில்லை. ஒரு கொப்பியும் விடுமுறையும் போதும். நான் பட்டறிந்த ஐந்து விடயங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, பெயரைக் கேட்டபடி எழுதுங்கள். "மேக்கணக்கு" என்று ஒருவர் சொன்னால் அதை "மேற்கணக்கு" என்று திருத்தாதீர்கள்.

இரண்டாவது, யார் சொன்னார், அவருக்கு என்ன வயது, எந்த இடத்தில் வாழ்ந்தவர் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அச்சிடும்போது அவருடைய அனுமதியைக் கேளுங்கள்.

மூன்றாவது, மூன்று கேள்விகளைத் தனித்தனியாக வையுங்கள். பெயரின் பொருள் என்ன? அதைப் பற்றிய கதை என்ன? இப்போது யார் யார் அதைப் பயன்படுத்துகிறார்கள்? இவை மூன்றையும் குழப்பினால் என்னைப் போல வாள் கதை எழுத நேரும்.

நான்காவது, ஒரே இடத்துக்குச் சிங்கள அயலவரும் தமிழ் அயலவரும் முஸ்லிம்களும் என்ன சொல்கிறார்கள் என்று மூன்று வீட்டிலும் கேளுங்கள்.

ஐந்தாவது, பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பழைய கொப்பி, கடிதம், ரசீது எதையும் நிறுத்து விற்கும் முன் பிள்ளைகளிடம் ஒருமுறை காட்டுங்கள். இதை எழுதும்போது உம்மா பக்கத்தில் இருந்தார். "அந்தக் காலத்தில எனக்கு இதெல்லாம் தெரியுமா?" என்றார். எனக்கும் தெரிந்திருக்கவில்லை.

கடைசியாக மிஞ்சிய பெயர்

மூத்தாப்பாவுக்கு இப்போது பார்வை மங்கல். நான் பெயர்களை வாசிக்க வாசிக்க, கண்ணை மூடிக்கொண்டு எந்தப் பாதையில் போனால் எந்த இடம் வரும் என்று சொன்னார். 41 பெயர்களில் 38 இடங்களை அப்படியே காட்டிவிட்டார். இரண்டு பெயர்கள் அவருக்கே மறந்துவிட்டன. மிஞ்சியது நானாக்கல்.

"நானா" என்று முஸ்லிம் ஆண்களை அழைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அந்த நாளில் நம்மவர்கள் துணிப் பொட்டணியைத் தோளில் சுமந்து லயம் லயமாகப் போய் வியாபாரம் செய்தார்கள். மேட்டில் ஏறும் பாதையோரத்தில் இடுப்பளவு உயரத்தில் ஒரு தட்டைக் கல். பொட்டணியை இறக்கிவைத்து மூச்சு வாங்க வாகான உயரம். பொட்டணிக்கார நானா நிற்கும் கல் என்பதால் தோட்டத்து மக்கள் அதற்கு நானாக்கல் என்று பெயர் வைத்தார்கள். மூத்தாப்பாவின் வாப்பாவும் பொட்டணி வியாபாரி என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். எனக்கு உடல் சிலிர்த்தது. என் பாட்டனாரின் வாப்பா பெயரால் ஒரு கல் இருக்கிறது என்று கொப்பியில் எழுதத் தொடங்கினேன்.

பேனா ஓடும் சத்தம் கேட்டு, என்ன எழுதுகிறேன் என்று மூத்தாப்பா கேட்டார். வாசித்துக் காட்டினேன்.

"அப்புடி எழுத வாணாம் மகள். பொட்டணி தூக்கின நானாமார் எத்தனையோ பேர். எங்கட வாப்பாவும் அதில நிண்டிருப்பார், அவ்வளவுதான். ஒரு நானா எண்டு எழுதுங்க, போதும்."

வெட்டிவிட்டு அவர் சொன்னபடியே எழுதினேன். சொன்னவர், வயது, இடம், திகதி எல்லாவற்றையும் கீழே குறித்தேன். அடுத்த சனிக்கிழமை அந்த மேட்டுக்குப் போய்ப் பார்த்தேன். கல் இருக்கிறது. அதன்மேல் கொழுந்துக் கூடையை இறக்கிவைத்து ஓர் அக்கா இளைப்பாறிக்கொண்டிருந்தார். இந்த இடத்துக்கு என்ன பெயர் என்று கேட்டேன்.

"நானாக்கல்" என்றார். ஏன் அந்தப் பெயர் என்று அவருக்குத் தெரியவில்லை. நான் சொன்னேன்.